ஒன்றுக்கு மூன்று: சேலத்து வீடொன்றில் கைக்குழந்தைக்கு நேர்ந்த வெந்நீர்க் காயம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பிறந்து 39 நாளான ஒரு பெண் குழந்தைக்கு, ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரத்தில், சேலம் அம்மாப்பேட்டைப் பகுதியிலுள்ள ஒரு வீட்டில் குளிப்பாட்டும்போது முதுகிலும் பிட்டத்திலும் இடது கணுக்காலிலும் வெந்நீர்க் காயம் ஏற்பட்டது. குளிப்பாட்டியவர் குழந்தையின் அம்மாயி, அதாவது தாயைப் பெற்றவர். தாம் பெற்ற நான்கு பிள்ளைகளுக்கும், அதன்பின் ஆறு பேரக்குழந்தைகளுக்கும் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றியவர் அவர். அந்தக் கையில் ஒரு குழந்தைக்கும் சிறு கீறல்கூட விழுந்ததில்லை என்று குடும்பத்தார் அனைவரும் சொல்கிறார்கள். அதை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் இல்லை.

காயத்தைப் பார்க்க வந்த அக்கம்பக்கத்தார், வயதாகிவிட்டதால் வந்த கவனக்குறைவு என்று பேசிக்கொண்டார்கள். பிறந்த குழந்தைகளை வீட்டுக்குச் சென்று பார்க்கும் செவிலியராக நான் 42ஆம் நாள் அந்த வீட்டுக்குப் போனபோது, அம்மாயியும் அதையே சொல்லிக் கண்ணீர் விட்டார். நடந்ததை ஒவ்வொரு படியாகக் கேட்டு, அதே பாத்திரங்களை வைத்துத் தண்ணீரின் சூட்டை அளந்து பார்த்த பிறகு, என்னால் அந்த முடிவை ஏற்க முடியவில்லை. அன்று அவர் செய்தது, முப்பது ஆண்டுகளாகத் தம் ஊரில் செய்துவந்த அதே செயல்தான். குடும்பத்தின் இசைவுடன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்து, இதை எழுதுகிறேன்.

வீடும் மனிதர்களும்

குழந்தையின் தாய் சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் வழியிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். குழந்தையின் தந்தை சேலத்தில் வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை பார்க்கிறார். தலைப்பிரசவம் என்பதால் வழக்கப்படி பெண் தாய்வீட்டுக்குச் சென்றிருக்க வேண்டும். ஆனால் சிசேரியன் செய்துகொண்ட உடம்போடும் பச்சைக் குழந்தையோடும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேற வேண்டாம் என்று முடிவு செய்து, தாயின் தாயே சேலத்துக்கு இறங்கி வந்தார். மாமியார் இல்லாத வீடு. எனவே குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, சாம்பிராணி காட்டுவது எல்லாமே அம்மாயியின் பொறுப்பு. குனிந்து நிமிர முடியாத மகள் அறையில் கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

குழந்தை நிறைமாதத்தில் 2.6 கிலோ எடையுடன் பிறந்தது. முதல் நாள் குளிப்பாட்டவில்லை. பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரமாவது குளிப்பாட்டாமல் வைத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மருத்துவமனையில் அதைச் சரியாகவே பின்பற்றியிருந்தார்கள். ஒன்பதாம் நாள் தொப்புள்கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்து மட்டும் எடுத்தார்கள். அதன்பின் தினமும் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். முப்பதாம் நாள் குழந்தைக்கு வெள்ளித் தண்டை போட்டார்கள். தந்தை தன் கையால் செய்தது.

அம்மாயிக்குப் பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை சாப்பிடுகிறார். கால்கள் 'மதமதப்பாக' இருப்பதாக எப்போதாவது சொல்வாராம். இந்த விவரம் நிகழ்வன்று யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. எனக்கும் முதலில் படவில்லை.

அன்று நடந்தது

வழக்கமான நாளில் ஒழுங்கு இப்படி இருக்கும். அலுமினியப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, எரிவாயு வீணாகக் கூடாது என்பதற்காக அடுப்பை அணைத்துப் பானையை மூடி இறக்கிவைப்பார். பிறகு குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கைகால் நீவிவிடுவார். அதற்கு இருபது நிமிடம் ஆகும். எண்ணெய் தேய்த்து முடித்தபின் குளியலறையில் வாளியில் தண்ணீரை விளாவி, மணையில் கால் நீட்டி உட்கார்ந்து, மகள் கொண்டுவந்து கொடுக்கும் குழந்தையைக் கால்களின் மேல் குப்புறக் கிடத்தி ஊற்றத் தொடங்குவார்.

அன்று காலை எரிவாயு உருளை தீர்ந்துவிட்டது. மாற்று உருளை வந்து சேரப் பத்தரை மணி ஆனது. காத்திருந்த நேரத்தில் எண்ணெய் தேய்ப்பதை முடித்துவிட்டார். பசியும் தூக்கமும் சேர்ந்து குழந்தை அழத் தொடங்கியிருந்தது. தண்ணீர் கொதித்த உடனே பானையைத் துணியால் பிடித்துக் குளியலறைக்குக் கொண்டுபோனார். வாளியில் ஏற்கெனவே குழாய்த் தண்ணீர் பிடித்துவைக்கப்பட்டிருந்தது. எப்போதும் போல மூன்று சொம்பு பச்சைத் தண்ணீருக்கு ஒரு சொம்பு வெந்நீர் என்ற கணக்கில் ஊற்றினார். வலது கையை விட்டுப் பார்த்தார்; கை பொறுத்தது. அந்த நேரத்தில் வாசலில் யாரோ கூப்பிட, பதில் சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். தண்ணீரைக் கலக்கிவிட்டோமா இல்லையா என்பது அவருக்கு நினைவில்லை.

முதல் சொம்பு முதுகில் விழுந்ததும் குழந்தை வீரிட்டது. ஏற்கெனவே அழுதுகொண்டிருந்த குழந்தை என்பதால் அழுகையில் ஏற்பட்ட மாற்றம் உடனே புலப்படவில்லை. இரண்டாவது சொம்பும் ஊற்றினார். மூன்றாவதை எடுக்கும்போது, கதவருகே வந்து நின்ற மகள், 'அம்மா, முதுகு இப்படிச் செவந்திருக்கே' என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிவிட்டார். உட்கார்ந்ததிலிருந்து தூக்கியது வரை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம்தான் ஆகியிருக்கும்.

அடுத்த சில நிமிடங்களில் இரண்டு விதமான யோசனைகள் மோதின. பக்கத்து வீட்டு அம்மாள் பற்பசை தடவச் சொன்னார். அம்மாயி, மலையில் செய்வதுபோலக் காப்பித்தூளை வைத்து அழுத்தலாம் என்றார். அதே வீட்டு மாடியில் குடியிருந்த கல்லூரி மாணவி ஒருவர், எதையும் தடவ வேண்டாம், தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள் என்று உறுதியாகச் சொல்லிக் குழாயைத் திறந்தார். குழாயில் வந்த தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தது. அதைக் கையில் உணர்ந்த அந்தப் பெண் குழாயை மூடிவிட்டு, சமையலறையில் மண்பானையில் வைத்திருந்த குடிநீரைக் கொண்டுவந்து காயத்தின் மேல் மெதுவாக ஊற்றினார். ஏறத்தாழ பத்து நிமிடம் ஊற்றியிருக்கிறார்கள். மண்பானைத் தண்ணீரை அந்தப் பெண் தேடியதும், மற்றவர்கள் அவர் சொல்லைக் கேட்டதும் இந்தக் குழந்தைக்குக் கிடைத்த பெரிய உதவிகள். பிறகு துவைத்த மெல்லிய பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தி, ஆட்டோவில் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்கள்.

விட்டுப்போனது ஒன்று உண்டு. காலிலிருந்த தண்டையை யாரும் கழற்றவில்லை. வெள்ளி வெப்பத்தை மிக விரைவாகக் கடத்தும் உலோகம்; தண்டைக்கும் தோலுக்கும் இடையில் சூடான நீரும் எண்ணெயும் தங்கின. மருத்துவமனையில் அதைக் கழற்றியபோது கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. கொப்புளம் பெரிதாக எழுந்ததும் அங்கேதான்.

குழந்தையின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பை உடல் மேற்பரப்பில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு என்று கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் சிவந்த பகுதி ஐந்து கை அளவு. கொப்புளம் வந்தது ஒரு கைக்கும் குறைவு. இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். முதுகு பன்னிரண்டு நாளிலும், கணுக்கால் பதினேழு நாளிலும் தழும்பின்றி ஆறின. தாய்ப்பால் ஒரு வேளைகூட நிற்கவில்லை.

அளந்து பார்த்தபோது

42ஆம் நாள் நான் சென்றபோது காயம் ஆறிக்கொண்டிருந்தது. குழந்தையைப் பார்த்து முடித்தபின், அம்மாயியிடம், அன்று செய்ததுபோலவே ஒருமுறை தண்ணீர் விளாவிக் காட்டச் சொன்னேன். அவருக்கு அது தண்டனையாகத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காக முதலில் நானே வாளியைப் பிடித்து நிறைத்தேன். நேரம் காலை பதினொன்றை ஒட்டியிருந்தது. வானமும் அன்றுபோலவே வெளுத்திருந்தது. சமையலுக்குப் பயன்படும் எண்காட்டு வெப்பமானி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன்.

மாடியில் வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியிலிருந்து வந்த குழாய்த் தண்ணீரின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸ். கொதித்த உடன் கொண்டுவந்த தண்ணீர் 98 டிகிரி. ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் ஊற்றி நன்றாகக் கலக்கியபின் 50 டிகிரி இருந்தது. கலக்காமல் விட்ட இரண்டாவது முறையில், வாளியின் மேல்மட்டத்தில் நான்கு விரல் ஆழத்துக்கு 57 டிகிரி காட்டியது, அடியில் 44. வெந்நீர் இலேசானது என்பதால் மேலே மிதந்து நிற்கிறது, சொம்பு மேலிருந்துதான் முகக்கிறது. ஆகவே குழந்தையின் முதுகில் விழுந்த முதல் சொம்பே மிகவும் சூடானதாக இருந்திருக்க வேண்டும். கையை ஆழமாக விட்டுப் பார்த்தவருக்கோ கீழிருந்த குளிர்ந்த நீரும் சேர்ந்தே தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வழக்கமான ஒழுங்கில் செய்து காட்டச் சொல்லி மீண்டும் அளந்தேன். தொட்டித் தண்ணீர் 27 டிகிரி. இறக்கிவைத்து இருபது நிமிடம் ஆன வெந்நீர் 82 டிகிரி. அதே ஒன்றுக்கு மூன்று. கிடைத்தது 40 டிகிரி. குழந்தையைக் குளிப்பாட்டும் நீர் 37 முதல் 38 டிகிரி வரை, அதாவது உடம்பின் சூட்டை ஒட்டி, இருக்க வேண்டும். 40 என்பது அதைவிடச் சற்று அதிகம்; ஆனால் காயப்படுத்தாது. முப்பது நாள் குளியலிலும் குழந்தை செக்கச்செவேலென்று சிவந்து எழுந்திருக்கிறது. 'ஒடம்பு நல்லாச் செவந்தாத்தானே அசதி போகும், தூங்கும்' என்று அம்மாயி சொன்னார். அந்தச் சிவப்பு நலத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டதால், தண்ணீர் தினமும் இரண்டு டிகிரி கூடுதலாக இருந்த செய்தி யாருக்கும் எட்டவில்லை.

இந்த ஒன்றுக்கு மூன்று எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க, மே மாதத்தின் தொடக்கத்தில் ஒரு விடுமுறை நாளில் அம்மாயியுடன் மலையிலுள்ள அவர் வீட்டுக்கே சென்றேன். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் நகரம் 300 மீட்டரைக்கூட எட்டாது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஏற்காட்டின் உயரத்தில் 95 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். முற்றத்து விறகடுப்பில் அண்டா எப்போதும் கங்கின் மேலேயே இருக்கும். அதிலிருந்து முகந்து வீட்டுக்குள் கொண்டுவரும்போது வெந்நீர் 90 டிகிரி இருந்தது. ஊற்றிலிருந்து குழாய் வழியே வரும் பச்சைத் தண்ணீர், கோடையிலேயே, 20 டிகிரி. ஒன்றுக்கு மூன்று கலந்து அளந்தேன். வெப்பமானி 37.5 காட்டியது.

அம்மாயியை அருகில் அழைத்து அந்த எண்ணைக் காட்டினேன். இதைவிடச் சரியாக எந்தப் பாடப்புத்தகத்தாலும் சொல்ல முடியாது. அவர் அளவு ஒரு தலைமுறை அனுபவத்தில் அந்த மலைக்கும் அந்த அடுப்புக்கும் அந்த ஊற்றுக்கும் பொருந்தி அமைந்தது. மலையிறங்கி வந்தபோது அந்த அளவும் கூடவே வந்தது. பச்சைத் தண்ணீர் 15 டிகிரி மாறியிருந்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வெந்நீரை ஆறவைத்த இருபது நிமிடமும் காலை ஏழு மணியின் குளிர்ச்சியும் சேர்ந்து ஒரு மாத காலம் குழந்தையைக் காத்திருக்கின்றன. எரிவாயு தீர்ந்த ஒரு காலையில் அவை இரண்டுமே ஒன்றாக விலகிக்கொண்டன.

கையும் காலும்

வெந்நீர்க் காயத்தில் சூடும் நேரமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. 60 டிகிரி நீர் வளர்ந்தவர்களின் தோலையே ஐந்து விநாடியில் ஆழமாகப் புண்ணாக்கும். 50 டிகிரிக்குள் இருந்தால் சில நிமிடங்கள் ஆகும். கைக்குழந்தையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. நமக்குச் 'சுரீர்' என்று மட்டும் படுவது அதற்குக் காயமாகிவிடும். ஆகவே குளிப்பாட்டுகிறவருடைய கை பொறுத்துக்கொள்வது குழந்தைக்கு அளவாகாது. அதுவும் இந்தக் கை, பல ஆண்டுகள் காப்பிச் செடி கவாத்து செய்து காய்ப்பேறியது. அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணியில்லாமலே இறக்கிப் பழகியது. முழங்கையை, அல்லது மணிக்கட்டின் உட்புறத்தை நீரில் வைத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், அங்குள்ள தோல் வேலை செய்து தடிக்காமல் இருப்பதுதான். அங்கே சூடாகவும் தெரியக் கூடாது, குளிர்ச்சியாகவும் தெரியக் கூடாது. தண்ணீர் பட்டதே தெரியாதது போல இருந்தால் அதுவே சரியான பதம்.

காலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டும் நம் முறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குழந்தை வழுக்காது, இரு கால்களுக்கிடையே பள்ளத்தில் பத்திரமாக இருக்கும், தண்ணீர் தேங்காமல் வழிந்தோடிவிடும். பிளாஸ்டிக் தொட்டியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டும்போது, ஒரு நொடி திரும்பினாலும் குழந்தை சரிந்து, சில அங்குல நீரிலேயே சத்தமின்றி மூழ்கும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்து இந்த முறையில் இல்லை. இன்னொரு காப்பும் இதில் பொதிந்திருக்கிறது. குழந்தையின் மேல் ஊற்றும் தண்ணீர் உடனே ஊற்றுகிறவரின் கால்களிலும் விழுகிறது. சூடு கூடினால் அவருடைய காலே முதலில் சொல்லிவிடும். ஊற்றும் கை தானாக நிற்கும்.

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் நீடிக்கும்போது நரம்புகள் பழுதடைந்து உணர்ச்சி மங்குவது பெரும்பாலும் பாதங்களிலிருந்துதான் தொடங்குகிறது. அம்மாயி சொன்ன 'மதமதப்பு' அதுவே. அன்று அவர் கால்களிலும் அதே தண்ணீர் விழுந்திருக்கிறது. அவருடைய இடது கணுக்காலின் மேல் சிறிய கொப்புளம் ஒன்று காய்ந்து கிடந்ததை நான்தான் அவருக்குக் காட்டினேன். அது எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. பாட்டிமார்களில் எத்தனையோ பேர் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் இந்தக் காலத்தில், பேரக்குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றப்போகிறவரிடம் காலில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று நாம் கேட்பதே இல்லை.

நாங்கள் சொல்லத் தவறியது

பிரசவித்த தாயை வீட்டுக்கு அனுப்பும்போது 'வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுங்கள்' என்று சொல்லி அனுப்புவது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். இந்தத் தாய்க்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. வெதுவெதுப்பு என்பது அவரவர் தோலைப் பொறுத்த சொல். மலையில் வளர்ந்தவருக்கு ஒன்று, சேலத்து வெயிலில் வளர்ந்தவருக்கு வேறொன்று. வாளியை வைத்து, விளாவிக் காட்டி, முழங்கையை வைக்கச் சொல்லிப் பழக்கியிருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மேலும், நாங்கள் தாயிடம் சொன்னோம். குளிப்பாட்டப்போகிறவர் அம்மாயி என்று தெரிந்தும் அவரை அழைத்து உட்காரவைத்துச் சொல்லவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு. இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போயும், எடையையும் தொப்புளையும் பார்த்தேனே தவிர, தண்ணீர் எப்படி விளாவுகிறார்கள் என்று கேட்கவில்லை.

அதனால் அன்று முதல் அந்த வீட்டில் செய்த மாற்றங்களை இங்கே எழுதுகிறேன். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, வெந்நீரைப் பிறகு சிறிது சிறிதாகச் சேர்ப்பது. சொம்பை அடிவரை விட்டு நன்றாகக் கலக்குவது. கலக்கியபின் தாய் தன் முழங்கையை வைத்துப் பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகே குழந்தையைக் கொண்டுவருவது. சொம்புக் கணக்கைக் கைவிட்டார்கள். குழந்தை காலில் கிடக்கும்போது வாளியில் வெந்நீர் சேர்ப்பதும், கொதிக்கும் பானையைக் குளியலறைக்குள் கொண்டுவருவதும் நிறுத்தப்பட்டன. தண்ணீர் ஆறிப்போனால் குளியல் அதோடு முடிந்தது. முதல் சொம்பைக் குழந்தையின் பாதத்தில் ஊற்றி முகத்தைப் பார்ப்பது, பிறகே உடம்புக்கு ஊற்றுவது. தண்டை, காப்பு, அரைஞாண் எதுவும் குளிக்கும்போது உடம்பில் இருக்கக் கூடாது என்று நான் கேட்டேன். அரைஞாணைக் கழற்ற மட்டும் அம்மாயி சம்மதிக்கவில்லை. தளர்வாகக் கட்டிய பருத்திக் கயிறு என்பதால் நானும் வற்புறுத்தவில்லை. நேரம் மாறினால் தொட்டித் தண்ணீரும் மாறும் என்பதை அவர்களே குழாயில் கைவைத்துப் பழகிக்கொண்டார்கள். கோடை நடுப்பகலில் அந்தத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்குச் சில நாட்களில் வெந்நீரே தேவைப்படவில்லை.

காயம் பட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவைத்தேன். துணியையும் நகையையும் உடனே அகற்றி, குளிர்ந்த நீரை, ஐஸ் போடாமல், இருபது நிமிடம் காயத்தின் மேல் மட்டும் ஊற்ற வேண்டும். உடம்பின் மற்றப் பகுதியைப் போர்த்திக் கதகதப்பாக வைக்க வேண்டும், ஏனெனில் காயத்தை ஆற்றும் அதே நீர் குழந்தையைக் குளிரவைத்துவிடும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பற்பசை, காப்பித்தூள், மஞ்சள், வெண்ணெய் எதுவும் தடவக் கூடாது. அவை சூட்டைத் தோலுக்குள்ளேயே அடைத்துவைக்கும், கிருமியைக் கொண்டுவரும், மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்கவும் விடாது. கைக்குழந்தைக்கு ஏற்படும் எந்த வெந்நீர்க் காயத்தையும், சிறியதாகவே தெரிந்தாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். வண்டி கிடைக்காவிட்டால் 108.

குளியலோடு சேர்ந்த மற்றப் பழக்கங்களும் பேச்சில் வந்தன. தொண்டைக்குள் விரல் விட்டுக் கோழை எடுப்பதையும், மூக்கில் ஊதுவதையும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் அடியோடு விடச் சொன்னேன். மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே இறங்கி நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். விரலோ கிருமியையும் புண்ணையும் கொடுக்கும். குழந்தையின் மார்புக்காம்பைப் பிதுக்குவதும் அப்படியே சீழ் கட்டுவதில் முடியும். எண்ணெய் தேய்த்து மெல்ல நீவிவிடுவதை மட்டும் தாராளமாகத் தொடரலாம் என்று சொன்னபோது அம்மாயியின் முகம் தெளிந்தது.

மலையில் மறுபடியும்

ஐந்தாம் மாதத்தில், ஆகஸ்டில், தாயும் குழந்தையும் சில வாரங்கள் மலையிலுள்ள வீட்டுக்குப் போனார்கள். அதற்கு முன்பே அவர்களிடம் பேசிவைத்தேன், ஏனெனில் மலையில் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. ஈரமான உடம்பிலிருந்து நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்மைவிட மிக அதிகம். அதிலும் தலையின் பங்கு வளர்ந்தவர்களைவிட அதிகம். குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் கைகால் சில்லிடும், குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுக்கும். பிறந்து சில வாரங்களே ஆன, எடை குறைந்த குழந்தையானால் இது உயிருக்கே ஆபத்தாகும். அப்படிப்பட்ட குழந்தையை மலைக்குளிரில் குளிப்பாட்டாமல் துடைத்தெடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. தினமும் தண்ணீர் ஊற்றாவிட்டால் உடம்பு தேறாது என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை போதும்.

பனிமூட்டம் விலகிய நண்பகலில், காற்று நுழையாத அறையில், ஐந்து நிமிடத்துக்குள் குளியலை முடிப்பது. எண்ணெய் தேய்க்கும்போது குழந்தையை நெடுநேரம் வெற்றுடம்போடு கிடத்தாமல் ஒரு பகுதியைத் திறந்து மறுபகுதியைப் போர்த்துவது. துண்டை முன்பே மடியில் விரித்துவைத்து முதலில் தலையைத் துவட்டுவது. பிறகு தாயின் மார்போடு அணைத்துப் பால் கொடுப்பது. இவையெல்லாம் எளிதாகவே ஒத்துக்கொள்ளப்பட்டன.

அறையைச் சூடாக்கக் கங்குச் சட்டி வைக்கும் வழக்கத்தைத்தான் நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. கதவும் சன்னலும் அடைத்த அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை இல்லாத கங்கு பாதுகாப்பானது என்று நினைப்பது பெருந்தவறு. குழந்தை தூங்குவதுபோலவே மயங்கிவிடும். கங்கை முற்றத்தில் வைத்துத் துணியையும் துண்டையும் அதில் காயவைத்துச் சூடாக எடுத்துவரலாம். அறைக்குள் வேண்டாம் என்று முடிவாயிற்று. சாம்பிராணிப் புகையை நேரே குழந்தைக்குக் காட்டுவதையும் அதோடு நிறுத்தினார்கள். தலைமுடி ஈரம் போக உலர்ந்த துணி போதும்.

செப்டம்பர் முதல் வாரத்தில் நான் அங்கே போனபோது வாளியில் 37 டிகிரி இருந்தது. குளித்து முடித்துப் பத்து நிமிடம் கழித்துக் குழந்தையின் அக்குளில் 36.8. கணுக்காலில் தண்டை இருந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சற்று வெளுத்துத் தெரிந்ததைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

அம்மாயி இப்போதும் கால் நீட்டி உட்கார்ந்துதான் குழந்தையைக் கிடத்திக்கொள்கிறார். அவ்வளவு பத்திரமாக வேறு யாருக்கும் பிடிக்கத் தெரியாது. தண்ணீரை மகள் ஊற்றுகிறாள். ஜூன் மாதம் சர்க்கரை மாத்திரை வாங்கப் போனபோது, பாதத்தில் மெல்லிய நைலான் இழையை அழுத்திப் பார்க்கும் சோதனையை அவருக்குச் செய்தார்கள். பத்து இடங்களில் தொட்டதில் ஏழு இடங்களில் அவருக்குத் தெரியவில்லை. அதன்பின் காப்பித் தோட்டத்தின் வழியே வெறுங்காலில் நடப்பதை விட்டுவிட்டார்.